விலை குறைந்த இன்லைன் மசில்லோடருக்கு மருந்தும் குண்டும் தேர்ந்தெடுப்பது எப்படி

குழலின் வாய்வழியாக மருந்தையும் ரவையையும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி நம்மில் கேள்விப்படாதவர்கள் குறைவு. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படும் இன்லைன் மசில்லோடரும் அடிப்படையில் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். இதில் ஆயத்தத் தோட்டா கிடையாது. முதலில் மருந்தை ஊற்றி, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளி இருத்திய பிறகே சுட முடியும். பழைய துப்பாக்கியில் நெருப்பு பக்கவாட்டிலிருந்து சுற்றி வரும். இதிலோ மருந்துக்கு நேர் பின்னால், குழலின் அதே நேர்கோட்டில், தட்டியதும் நெருப்பு தரும் சிறு மூடியான பிரைமர் இருப்பதால் நெருப்பு குறுக்கு வழியில்லாமல் நேரே மருந்தைத் தொடுகிறது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்.கே.-85 என்ற துப்பாக்கிக்குப் பிறகு இந்த அமைப்பு வேட்டைக்காரர்களிடையே பரவலாயிற்று.

இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சி.வி.ஏ. உல்ஃப், டிரெடிஷன்ஸ் பக்ஸ்டாக்கர் போன்றவை பெரும்பாலும் 50 காலிபர், அதாவது அரை அங்குல உள்விட்டமும், 24 அங்குலக் குழலும், குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்புறத்தில் வெட்டிய, 28 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று வரும் புரியும் கொண்டவை. விலை குறைவு என்பதற்காக இவற்றின் குறி பிசகும் என்று நினைப்பது தவறு. இவற்றை வாங்கி ஏமாந்தவர்கள் என்று நான் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மருந்தை ஒரு காரணத்துக்காகவும், குண்டை வேறொரு காரணத்துக்காகவும், பிரைமரைக் கைக்குக் கிடைத்ததற்காகவும் வாங்கியவர்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் என் முதல் வேட்டைப் பருவத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று பெல்லட்டுகளும் (வில்லையாக இறுக்கிய மருந்து) இருப்பதிலேயே எடை குறைந்த குண்டும் போட்டால் நேர்கோட்டில் பறக்கும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பினேன். 100 கஜத்தில் மூன்று குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறின. அதே துப்பாக்கியில் 90 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு அலகு) தூள் மருந்தும் 250 கிரெயின் குண்டும் போட்டபோது உள்ளங்கைக்குள் அடங்கின. துப்பாக்கியில் மாற்றியது எதுவும் இல்லை. ஆகவே பிரைமர், மருந்து, குண்டு ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரே தொகுதியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை.

தேர்வைத் தொடங்கும் முன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ரைஃபிள் தோட்டாக்களிலும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களிலும் இருக்கும் புகையற்ற மருந்தை இந்தத் துப்பாக்கிகளில் ஒரு சிட்டிகை கூடப் போடக் கூடாது. கரிமருந்துக்கோ அதன் மாற்று மருந்துகளுக்கோ ஏற்ப அமைக்கப்பட்ட குழலும் அடைப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். சுடுபவரின் முகமும் கையும் அதற்கு மிக அருகில் இருக்கின்றன. புகையற்ற மருந்துக்கென்றே சேவேஜ் நிறுவனம் தயாரித்த 10எம்.எல். போன்ற தனி வகைகள் உண்டு. மலிவு விலை இன்லைன் எதுவும் அந்த வகையில் சேராது. குழலில் பொறித்திருப்பதும் கையேட்டில் அச்சிட்டிருப்பதும் என்ன சொல்கின்றனவோ அதுவே முடிவு. இங்கே நான் எழுதும் எந்த அளவும் உங்கள் கையேட்டின் உச்சவரம்பைத் தாண்டுமானால் என் அளவை விட்டுவிடுங்கள்.

சட்டம் முதலில்

எந்த மாநிலத்தில் எந்தப் பருவத்தில் வேட்டைக்குப் போகிறீர்கள் என்பது கடைக்குப் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அதுவே பாதித் தேர்வை முடித்துவிடும். கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் பெல்லட் மருந்துக்கும், சேபட் என்னும் பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுக்கும், தொலைநோக்கிக் குறிப்பார்வைக்கும் அனுமதி இல்லை; அங்கே தூள் மருந்தும், குழல் நிறைய அமரும் குண்டும், திறந்த குறிப்பார்வையும்தான். ஐடஹோவின் மசில்லோடருக்கு மட்டுமான பருவங்களில் 209 என்னும் ஷாட்கன் பிரைமரே கூடாது என்பதால், நாம் பேசிக்கொண்டிருக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை மாற்றம் செய்யாமல் அங்கே பயன்படா. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவம் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு உரியது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. மசில்லோடருக்கும் விலக்கு இல்லை, ஆகவே அங்கே செம்புக் குண்டுதான். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுபவை. அந்தந்த ஆண்டின் வேட்டை விதிக் கையேட்டைப் படித்துவிட்டே பணம் செலவிடுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், இங்கே சொல்லப்படுபவை அமெரிக்க வேட்டைச் சூழலுக்கு மட்டுமே உரியவை.

பிரைமரும் பின்னடைப்பும்

குழலின் பின்முனையை மூடும் மரையிட்ட உருக்குத் துண்டை பிரீச் பிளக் என்கிறார்கள். தமிழில் பின்னடைப்பு என்று சொல்லலாம். அதன் நடுவே ஊசித்துளை போன்ற வழி ஒன்று இருக்கிறது. பிரைமரின் நெருப்பு அந்த வழியாகப் பாய்ந்து மருந்தைப் பற்ற வைக்கிறது. மலிவுத் துப்பாக்கிகளில் கருவி எதுவும் இல்லாமல் விரலால் திருகிக் கழற்றக்கூடிய பின்னடைப்பை ஒரு வசதியாக விளம்பரப்படுத்துவார்கள். சுத்தம் செய்ய அது மிகவும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா மருந்தும் எல்லாப் பின்னடைப்பிலும் சீராகப் பற்றுவதில்லை. பிளாக்ஹார்ன் 209 என்னும் மருந்துக்கு நல்ல வலுவான நெருப்பு தேவை; சி.வி.ஏ. தன் விரல்திருகு பின்னடைப்புக்குப் பதிலாக அந்த மருந்துக்கென்றே தனிப் பின்னடைப்பு ஒன்றை விற்கிறது. அதை வாங்காமல் மருந்தை மட்டும் வாங்கியவர்கள், விசையை இழுத்த பிறகு ஒரு நொடி கழித்து வெடிப்பதையோ, வெடிக்காமலே போவதையோ கண்டு மருந்தைக் குறை சொல்வார்கள்.

பிரைமர்களிலும் இரண்டு வகை உண்டு. ஷாட்கன் தோட்டாக்களுக்கு உரிய சாதாரண 209 பிரைமர் ஒரு வகை. மசில்லோடருக்கென்று நெருப்பின் வேகத்தைக் குறைத்துச் செய்யப்பட்ட மென்மையான 209 பிரைமர் மற்றொரு வகை. டிரிபிள் செவன் போன்ற எளிதில் பற்றும் மருந்துக்கு மென்மையானது நல்லது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். பிளாக்ஹார்னுக்கோ அது போதாது. ஃபெடரல் 209ஏ அல்லது சி.சி.ஐ. 209எம் போன்ற சூடான பிரைமர்களே அதற்கு ஏற்றவை. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பிரைமரும் பின்னடைப்பும் தேர்வாகிவிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மருந்து வகைகள்

அசல் கரிமருந்து, அதாவது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்தது, மிக எளிதில் பற்றும். ஆனால் அது வெடிபொருளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் பல கடைகள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் கரி படிந்து அடுத்த குண்டு இறங்க மறுக்கும். சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அதுவே சரியான மருந்து. இன்லைனில் அதற்காக அலையத் தேவையில்லை.

பைரோடெக்ஸ், 1970களில் டான் பாவ்லக் என்பவர் உருவாக்கிய மாற்று மருந்து. இருப்பதில் விலை குறைவானதும் எங்கும் கிடைப்பதும் இதுதான். ரைஃபிளுக்கு உரியது ஆர்.எஸ். என்று பெயரிட்ட தூள். இதன் சாம்பல் இரும்பை அரிப்பதில் கரிமருந்துக்குச் சளைத்ததல்ல. சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவாமல் ஓரிரு நாள் தள்ளிப்போட்டால், மலிவுக் குழலின் உட்புறத்தில் துருக்குழிகள் விழுந்துவிடும். அன்றே கழுவும் பழக்கம் உள்ளவருக்கு, பணத்துக்குத் தகுந்த மதிப்பு தருவது இதுவே என்பேன்.

டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை. நாற்றம் குறைவு, வெறும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது கரிமருந்தைவிட வலுவானது. கரிமருந்தின் வேகத்தையே பெற விரும்பினால் அதே கொள்ளளவிலிருந்து 15 விழுக்காடு குறைக்கும்படி தயாரிப்பாளரே சொல்கிறார். இரண்டாவது, குண்டு அமர்ந்திருந்த இடத்தை ஒட்டிக் குழலுக்குள் கண்ணாடி போலக் கெட்டியான ஒரு கரிவளையம் உருவாகும். அடுத்த குண்டைத் தள்ளும்போது அந்த வளையத்தில் அது தடைபட்டு நின்றுவிட, அடிக்குப் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அந்தக் குண்டு ஒரு தடையைப் போல நடந்துகொண்டு குழலை உப்பவோ கிழியவோ வைத்துவிடும். மசில்லோடரில் நேரும் மோசமான விபத்துகளில் இது ஒன்று. சூட்டுக்குச் சூடு ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் குழலைத் துடைத்தால் வளையம் தங்காது. மென்மையான பிரைமரைப் பயன்படுத்தினால் வளையமே மெலிதாகத்தான் உருவாகும். மேலே சொன்ன காரணம் இதுதான்.

பிளாக்ஹார்ன் 209, 2008இல் சந்தைக்கு வந்தது. வேகம் சூட்டுக்குச் சூடு அதிகம் மாறாது, கரிவளையம் இல்லை, பத்து, பதினைந்து சூடுகள் இடையில் துடைக்காமலே போகும், காற்றின் ஈரத்தை எளிதில் இழுக்காது. இதைத் தண்ணீரால் கழுவக் கூடாது. துப்பாக்கி துடைக்கும் கரைப்பானே தேவை. விலைதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும்: டப்பாவில் 10 அவுன்ஸ், அதாவது 4,375 கிரெயின் இருக்கிறது, 100 கிரெயின் கொள்ளளவு என்பது இதில் 70 கிரெயின் எடைதான் என்பதால் ஒரு டப்பாவில் 62 சூடுகள் கிடைக்கும். 100 பெல்லட் உள்ள பெட்டியில் சூட்டுக்கு இரண்டு வீதம் 50 சூடுகள்தான். ஆகவே டப்பாவின் விலையை ஒப்பிடாமல் ஒரு சூட்டின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். தனிப் பின்னடைப்பின் விலையையும் அதில் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

பெல்லட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக: அளக்கும் வேலை இல்லை, இருட்டிலும் குளிரிலும் கையுறையோடும் போடலாம். ஆனால் 30 அல்லது 50 கிரெயின் படிகளில்தான் கூட்டவும் குறைக்கவும் முடியும். 85இல் நன்றாகச் சுடும் துப்பாக்கி 100இல் சிதறலாம். 85ஐப் பெல்லட்டில் எட்ட வழியில்லை. பைரோடெக்ஸ் பெல்லட்டின் ஒரு முனையில் எளிதில் பற்றும் கருமையான பூச்சு இருக்கும். அந்த முனை பிரைமரைப் பார்த்து இருக்க வேண்டும். கோலால் குத்தி நொறுக்கினால் பெல்லட் தூளாகி வேகம் மாறிவிடும்.

ஆக, விரல்திருகு பின்னடைப்பை மாற்ற விரும்பாதவருக்கு என் பரிந்துரை டிரிபிள் செவன் தூள். மிகக் குறைந்த செலவு வேண்டுமென்றால் பைரோடெக்ஸ் ஆர்.எஸ். தூள், அதிகம் சுட்டுப் பழக விரும்புபவருக்கு, தனிப் பின்னடைப்போடு பிளாக்ஹார்ன். தூளில் பொடியின் பருமனை எஃப் என்ற எழுத்தின் எண்ணிக்கையால் குறிப்பார்கள். 50 காலிபருக்கு இரண்டு எஃப் உள்ளதே பொதுவானது.

எவ்வளவு போடுவது

குண்டுக்குக் கிரெயின் என்பது எடைதான். ஆனால் மசில்லோடரில் மருந்துக்குக் கிரெயின் என்று சொன்னால் அது பெரும்பாலும் எடையைக் குறிப்பதில்லை. கரிமருந்தை அளக்கும் குழாயில் அந்தக் கோடு வரை நிரப்பிய கொள்ளளவையே குறிக்கிறது. மாற்று மருந்துகள் கரிமருந்தைவிட இலேசானவை. வீட்டில் நல்ல மின்தராசு இருக்கிறது என்று, 100 கிரெயின் போட வேண்டும் என்பதற்காக 100 கிரெயின் எடை பிளாக்ஹார்னை நிறுத்துப் போட்டால், கொள்ளளவில் அது ஏறக்குறைய 143 ஆகிவிடும். அந்த மருந்துக்கான உச்சவரம்போ 120. எடையில் நிறுக்க விரும்புவோர் அந்தந்த மருந்தின் தயாரிப்பாளர் தரும் மாற்று அட்டவணையை மட்டுமே பின்பற்ற வேண்டும். ஒரு மருந்தின் கணக்கு இன்னொரு மருந்துக்குப் பொருந்தாது. மருந்தை டப்பாவிலிருந்து நேராகக் குழலில் ஊற்றவே கூடாது; உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் கையில் இருக்கும் டப்பா முழுவதும் பற்றிக்கொள்ளும். அளவுக்குழாயில் ஊற்றி, டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அளவுக்குழாயிலிருந்து ஊற்றுங்கள்.

மூன்று பெல்லட், அதாவது 150 கிரெயின் வரை தாங்கும் என்று பல துப்பாக்கிகளின் விளம்பரம் சொல்கிறது. தாங்கும் என்பது வேறு, தேவை என்பது வேறு. 24 அங்குலக் குழலில் அந்த மருந்தின் ஒரு பகுதி குண்டு வெளியேறிய பின்பே எரிகிறது. கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம் வேகமும், நிறைய உதையும், கிழிந்த சேபட்டும். ஆறேகால் பவுண்டு எடையுள்ள இலேசான துப்பாக்கியின் உதை புதியவரைக் கண்ணை மூடிக்கொண்டு சுட வைத்துவிடும். 250 கிரெயின் குண்டுக்குப் பின்னால் 100 கிரெயின் மருந்து இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 1,700 முதல் 1,800 அடி வேகம் கிடைக்கிறது. வெள்ளைவால் மானை 100 கஜத்துக்குள் சுத்தமாக வீழ்த்த இது போதும் போதும். தூளில் 80இல் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, 100ஐ எட்டும்போது நிறுத்திவிடுவது என் வழக்கம். இந்த எல்லைக்குள் ஓர் அளவு உங்கள் துப்பாக்கிக்குக் கட்டாயம் பிடிக்கும்.

குண்டு

பழைய மலைநாட்டுத் துப்பாக்கிகளில் துணி சுற்றிய உருண்டைக் குண்டு போடுவார்கள். அதற்கு 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மெதுவான புரி வேண்டும். நமது 28 அங்குலப் புரி நீண்ட குண்டுக்கு உரியது. அதில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி சேபட். 50 காலிபர் குழலுக்குள், அதைவிட மெல்லிய 44 அல்லது 45 காலிபர் குண்டை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துத் தள்ளுகிறோம். புரியைப் பற்றிக்கொள்வதும், வாயுவைத் தடுப்பதும் பிளாஸ்டிக். குழலை விட்டு வெளியேறியதும் இதழ்கள் விரிந்து அது பிரிந்து விழ, குண்டு தனியே பறக்கிறது. ஹார்னடி எஸ்.எஸ்.டி., ஹார்னடி எக்ஸ்.டி.பி., செம்பில் பார்ன்ஸ் எக்ஸ்பேண்டர் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. சேபட்டும் குண்டும் சேர்த்து அடைத்த பொட்டலம் விலை அதிகம். சிக்கனத்துக்கு நல்ல வழி ஒன்று உண்டு: கைத்துப்பாக்கிக்கு உரிய எக்ஸ்.டி.பி. குண்டுகளை 50 அல்லது 100 உள்ள பெட்டியாகவும், சேபட்டைத் தனிப் பொட்டலமாகவும் வாங்கலாம். குண்டின் விட்டம் மட்டும் சேபட்டோடு பொருந்த வேண்டும்: .452 அங்குலக் குண்டுக்கு 50க்கு 45 என்று குறித்த சேபட், .430 அங்குலக் குண்டுக்கு 50க்கு 44 என்று குறித்த சேபட். இவற்றை மாற்றிப் போட்டால் குண்டு சேபட்டுக்குள் ஆடும், அல்லது குழலுக்குள்ளேயே இறங்காது.

இங்கேதான் மலிவுத் துப்பாக்கியின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே பெயருள்ள இரண்டு துப்பாக்கிகளின் குழல் உள்விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு வேறுபடலாம். அண்டை வீட்டுக்காரரின் துப்பாக்கியில் வழுக்கிக்கொண்டு இறங்கிய சேபட் உங்களுடையதில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். குழல் சுத்தமாக இருக்கும்போது, இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்து ஒரே சீரான அழுத்தத்தில் இறங்கினால் பொருத்தம் சரி. உடம்பின் முழு எடையையும் போட வேண்டியிருந்தால், ஹார்வெஸ்டர் நிறுவனம் விற்பதைப் போன்ற நெளிவுள்ள வெளிப்புறம் கொண்ட சேபட்டுக்கு மாறுங்கள். கோலை வைத்த மாத்திரத்தில் தானாக இறங்கினால் வாயு கசியும். சற்றே தடிமனான சேபட் தேவை.

இரண்டாம் வழி பவர்பெல்ட். குழல் நிறைய அமரும் ஈயக் குண்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி பொருத்தியிருக்கும். கெட்டிப்பதற்கு இதைப் போல எளிதானது இல்லை. வயதானவர்களும் கைவலி உள்ளவர்களும் இதை விரும்புவதில் வியப்பில்லை. மென்மையான ஈயத்தின்மேல் மெல்லிய செம்புப் பூச்சுதான் இருப்பதால், 295 கிரெயின் குண்டைத் தேர்ந்து, மருந்தை 70 முதல் 90க்குள் வைத்துக்கொள்வது நல்லது. வேகத்தை மிகக் கூட்டினால், அருகில் நிற்கும் மானின் தோள் எலும்பில் அது ஆழமாகப் போகாமல் நொறுங்கக்கூடும். இது தளர்வாக அமர்வதால் பிளாக்ஹார்னுக்கு ஏற்ற இணையல்ல. அந்த மருந்து நன்றாக எரிய, குண்டு குழலை இறுக அடைத்துப் பின்னழுத்தம் தர வேண்டும். பைரோடெக்ஸோடும் டிரிபிள் செவனோடும் அது ஒத்துப்போகும்.

மூன்றாம் வழி, முழு விட்டமுள்ள ஈயக் கூம்புக் குண்டு. 385 கிரெயின் ஹார்னடி கிரேட் பிளெயின்ஸ் போன்றவை கொலராடோவைப் போலச் சேபட்டைத் தடை செய்த இடங்களுக்கும் எல்க் போன்ற பெரிய விலங்குக்கும் ஏற்றவை. உதை கூடும், 80, 90 கிரெயினுக்கு மேல் போகத் தேவையில்லை. மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் எண்ணெய் தோய்ந்த கம்பளி வட்டு ஒன்றை வைத்தால் குண்டின் அடிப்பாகம் உருகாமல் இருக்கும், குறியும் சீராகும்.

எடையைப் பொறுத்தவரை, வெள்ளைவால் மானுக்கு 240 முதல் 300 கிரெயின் வரை எதுவும் போதுமானது. நான் 250ஐத் தேர்ந்தேன். உதையும், குண்டு தொலைவில் தாழ்வதும் இரண்டுமே பொறுக்கும் அளவில் இருக்கின்றன. முனையில் பிளாஸ்டிக் கூர் வைத்த குண்டு 150 கஜத்துக்கு அப்பால்தான் தன் அருமையைக் காட்டும். மரங்களடர்ந்த ஒகையோக் காட்டில் என் சூடுகள் 80 கஜத்தைத் தாண்டியதில்லை என்பதால் அந்தக் கூருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில்லை.

சுட்டுப் பார்த்துத் தீர்மானித்தல்

புதுத் துப்பாக்கியின் குழலில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அதைத் துடைத்த பிறகு, குழலின் அடியில் ஒரு துணித்துண்டைக் கோலால் பிடித்துக்கொள்ளாமல் வெறுமனே தள்ளி வைத்து, கோலை வெளியே எடுத்துவிட்டு, மருந்தில்லாமல் ஒரு பிரைமரை மட்டும் வெடியுங்கள். துணியின் நடுவில் கருகிய புள்ளி இருந்தால் நெருப்பு வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

கெட்டிக்கும் முன் ஒவ்வொரு முறையும் கோலில் அடையாளக் கோடு இட்டிருப்பதைப் பாருங்கள்: காலியான குழலில் கோல் எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதற்கு ஒரு கோடு, நீங்கள் தீர்மானித்த மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்தால் எங்கே நிற்கும் என்பதற்கு மற்றொரு கோடு. இரண்டாம் கோடு குழலின் வாயோடு பொருந்தாமல் மேலே நின்றால், குண்டு அடியை எட்டவில்லை, அல்லது ஏற்கெனவே ஒரு கெட்டிப்பு உள்ளே இருக்கிறது. இரண்டுமே சுடக் கூடாத நிலை. இந்தக் கோடு இல்லாமல் நான் யாரையும் என்னோடு சுட அனுமதிப்பதில்லை. பிரைமர் எப்போதும் கடைசியில்தான் வைக்கப்பட வேண்டும்.

முதலில் 25 கஜத்தில் தாளில் படுவதை உறுதிசெய்து, பிறகு 50, பிறகு 100 கஜத்துக்குப் போங்கள். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று சூடுகள். ஒரே அழுத்தத்தில் கெட்டிப்பு, ஒரே விதமான துடைப்பு. கோடையில் குழல் சூடேறினால் சேபட் இளகிக் குறி பிசகும். குழலைக் கையால் பிடிக்க முடியும் வரை காத்திருங்கள், பொறுமைக்குப் பலன் தாளில் தெரியும். ஒரே நேரத்தில் மருந்தையும் குண்டையும் மாற்றாதீர்கள். எது குறியை மாற்றியது என்று தெரியாமல் போகும்.

தாளோடு நிறுத்திவிடாமல், சுடுதளத்தின் விதி அனுமதித்தால், எல்லோரும் சுட்டு முடித்த பின் முன்னால் நடந்துபோய், விழுந்து கிடக்கும் சேபட்டுகளைப் பொறுக்கி வாருங்கள். இதழ்கள் நான்கும் ஒரே அளவில் பின்னோக்கி விரிந்து, அடிப்பாகம் முழுதாக இருந்தால் அந்த இணை நல்லது. ஓர் இதழ் ஒடிந்திருந்தாலோ, அடி உருகி ஓட்டையாகியிருந்தாலோ, மருந்து அதிகம் அல்லது சேபட் தளர்வு. தாளில் மூன்று குண்டும் தற்செயலாக நெருங்கி விழலாம். சேபட் பொய் சொல்லாது. பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும்விட இந்தக் கருகிய பிளாஸ்டிக் துண்டுகளிடமிருந்து நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

100 கஜத்தில் சரியாகக் குறி வைத்தால், 150 கஜத்தில் குண்டு ஐந்து அங்குலத்துக்கு மேல் தாழும். உங்கள் துப்பாக்கியில் அது எவ்வளவு என்பதைச் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதவரை அந்தத் தொலைவில் மானை நோக்கி விசையை இழுக்க வேண்டாம். காயத்தோடு ஓடி மறையும் விலங்கு நாள் கணக்கில் வதைபடும்.

காட்டில்

எண்ணெய் பூசிய சுத்தமான குழலின் முதல் சூடும், ஒருமுறை சுட்ட குழலின் சூடும் வேறு இடங்களில் படலாம். சுடுதளத்தில் எந்த நிலையில் குறி வைத்தீர்களோ அதே நிலையில் காட்டுக்குப் போங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், ஒரு நிமிடமாவது குழலைக் குறியிலேயே வைத்திருங்கள். தாமதித்து வெடிப்பது உண்டு. ஒகையோவின் ஜனவரிக் குளிரில், கெட்டித்த துப்பாக்கியை ஓய்வுக்காகச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் குழலுக்குள் வியர்த்து மருந்து நனையும். பிரைமரை எடுத்துவிட்டு, குளிரான, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். பிரைமர் இல்லாததைப் பல மாநிலங்கள் கெட்டிக்காத துப்பாக்கியாகவே கருதுகின்றன. உங்கள் மாநிலத்தின் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் சுடாமல் திரும்பினால், பிரைமரை எடுத்த பிறகு பின்னடைப்பைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் கோலால் பின்புறமாகத் தள்ளி வெளியேற்றலாம். நனைந்திருக்கக்கூடும் என்பதால் அந்த மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டக் கூடாது. கழற்றிய பின்னடைப்பின் மரைகளைத் துடைத்து, அதற்கென விற்கும் பசையைத் தடவித் திருகுங்கள். மலிவுத் துப்பாக்கிகள் பழைய பொருட்கள் விற்கும் கடைக்குப் போவதற்கு முதல் காரணம், ஒரு பருவம் முழுவதும் பசையில்லாமல் விடப்பட்டு, குழலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்ட பின்னடைப்புதான்.